கண்ணில் குறை இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் அப்பாவால் இடப்பக்கம் பார்க்க முடியாமல் போனது?

குடியாத்தம் நெசவாளர் மகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். அப்பாவுக்கு 61 வயது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழித்தறியில் லுங்கி நெய்தவர். சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் அவரை எழுப்பச் சென்றபோது இடது கையையும் காலையும் தூக்க முடியாமல் கிடந்தார். முகம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு கண்களும் வலது ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டன. கட்டிலுக்கு இடப்பக்கம் நின்று நான் அழைத்தபோது என் குரலை அடையாளம் கண்டு பதில் சொன்னாரே தவிர, கண்ணை என் பக்கம் திருப்பவில்லை. 108 வண்டியில் வேலூருக்குக் கொண்டு சென்றோம். மூளையின் வலது முன்மடலில் இரத்தக்குழாய் அடைபட்டிருப்பதாக ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் மருத்துவர் செய்த ஒரு சோதனையை என்னால் மறக்க முடியவில்லை. முதலில் "இடப்பக்கம் பாருங்கள்" என்றார். அப்பா முயன்றார், கண்கள் நடுக்கோடு வரை வந்து நின்றுவிட்டன. அடுத்து அவர் அப்பாவின் நேர் எதிரே அமர்ந்து, "என் மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்" என்று சொல்லி, அப்பாவின் தலையை இரு கைகளாலும் பிடித்து மெல்ல வலப்பக்கம் திருப்பினார். தலை வலப்பக்கம் போகப் போக, கண்கள் அவருடைய மூக்கை விடாமல் இடது ஓரம் வரை முழுமையாகச் சென்றன. ஒரு நிமிடத்துக்கு முன்பு போக மறுத்த அதே கண்கள்! "கண்ணிலோ கண் தசையிலோ குறை இல்லை, இது மூளையின் கட்டளை தொடர்பானது" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குச் சென்றுவிட்டார். கூட்டத்தில் மேலும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஐந்தாறு நாட்களில் கண் பெரும்பாலும் சரியாகிவிட்டது. கை இன்னும் சரியாகவில்லை. என் ஐயங்கள் இவை. அதே தசை, அதே நரம்பு இருக்கும்போது, சொன்னால் நகராத கண் தலையைத் திருப்பினால் மட்டும் நகர்வது எப்படி? கண்ணை நகர்த்தும் கட்டளை மூளையில் எங்கிருந்துதான் புறப்படுகிறது? ஒரே அடைப்பினால் வந்த கேட்டில் கண் ஒரு வாரத்தில் மீள, கை மட்டும் ஏன் மீளவில்லை? நாள் முழுவதும், தறியில் குறுக்கிழையைக் கொண்டு ஓடும் நாடாவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த கண்கள் அவருடையவை. அதனால்தான் இதை அறியாமல் இருக்க முடியவில்லை. கண்ணுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

வேலூர் உடலியங்கியல் ஆசிரியை எழுதியது:

தம்பி, அப்பா தேறி வருவது அறிந்து மகிழ்ச்சி. நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிப்பவள். நோயாளிகளைப் பார்ப்பவள் அல்லள். ஆகவே சிகிச்சை பற்றி உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவானது. ஆனால் அந்தச் சோதனையை நீங்கள் இவ்வளவு கூர்ந்து கவனித்து எழுதியிருப்பதால், விடை ஏறத்தாழ உங்கள் கேள்வியிலேயே வந்துவிட்டது. கண்ணை நகர்த்தும் பொறி ஒன்றுதான். அதை இயக்குபவர்கள் பலர். உங்கள் அப்பாவுக்குப் பழுதானது இயக்குபவர்களில் ஒருவர், பொறி அன்று.

முதலில் பொறியைப் பார்ப்போம். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுக்கின்றன. அவற்றுக்கு, மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத் தண்டிலிருந்து மூன்று நரம்புகள் வருகின்றன. இடப்பக்கம் பார்க்க வேண்டுமானால் இடது கண்ணின் வெளித்தசையும் வலது கண்ணின் உள்தசையும் ஒரே கணத்தில் சுருங்க வேண்டும். இவை வெவ்வேறு நரம்புகளின் பொறுப்பில் இருப்பவை. ஆகவே மூளைத் தண்டின் பான்ஸ் என்ற பகுதியில் இடப்புறம் ஒரு பார்வை மையம் இருக்கிறது. அது இடது கண்ணின் வெளித்தசைக்கு நேரடியாக ஆணையிடுகிறது. அதே ஆணையின் ஒரு படியை, நடுக்கோட்டைக் கடந்து மேலேறும் மெல்லிய நரம்புக்கற்றை ஒன்றின் வழியாக வலது கண்ணின் உள்தசைக்குரிய மையத்துக்கும் அனுப்புகிறது. இரண்டு கண்களும் பூட்டிய காளைகளைப் போல ஒன்றாகத் திரும்புவது இந்த இணைப்பினால்தான்.

அந்த ஆணையின் வடிவத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வியந்தபடியேதான் சொல்லுகிறேன். கண் குழியில் கண்ணைச் சுற்றியுள்ள திசுக்கள் குழைவான சேற்றைப் போல வேகத்தை எதிர்க்கின்றன; கூடவே, ஓரத்துக்குப் போன கண்ணைச் சுருள்வில் போல நடுவுக்கு இழுக்கின்றன. சுருள்வில் பொருத்திய ஒரு கனமான கதவை விரைவாகத் திறந்து, திறந்தபடியே வைத்திருக்க வேண்டும் என்றால் என்ன செய்வோம்? முதலில் பலமாக ஒரு தள்ளு. பிறகு கையை எடுக்காமல் அளவான ஓர் அழுத்தம். மூளைத் தண்டும் அதையேதான் செய்கிறது. வெடிப்பு நரம்பணுக்கள் எனப்படுபவை சில நூறில் ஒரு பங்கு நொடிக்குப் பெருவேகத்தில் துடித்து, கண்ணைத் தாவ வைக்கின்றன. அந்தத் துடிப்பைக் கூட்டிக் கணக்கிட்டு, 'கண் இனி இவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும்' என்ற நிலையான அழுத்தமாக மாற்றித் தருவது அருகிலேயே உள்ள மற்றொரு நரம்பணுத் தொகுதி. இந்தக் கணக்கைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர் டேவிட் ராபின்சன். மின்பொறியியல் படித்துவிட்டுக் கண்ணின் ஆய்வுக்கு வந்தவர். கூட்டிக் கணக்கிடும் தொகுதி பழுதானால் கண் ஓரத்துக்குத் தாவும், ஆனால் அங்கே நிற்காது. நடுவை நோக்கி வழுக்கி வரும், மறுபடி தாவும்.

அந்தத் தாவலைச் 'சாக்கேட்' என்பார்கள். பெரிய தாவல்களில் கண் நொடிக்கு 500 பாகைக்கும் மேலான வேகத்தில் சுழல்கிறது. நம் உடலின் மிக விரைவான அசைவுகளில் அது ஒன்று. அத்தகைய பொறி தானாகப் பாய்ந்துவிடாதபடி காவலும் உண்டு. நாம் ஒன்றை உற்று நோக்கும் நேரமெல்லாம் 'நிறுத்து நரம்பணுக்கள்' ஓயாமல் துடித்து, வெடிப்பு நரம்பணுக்களை அடக்கி வைத்திருக்கின்றன. தாவல் நடக்கும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டும் அவை மௌனமாகின்றன. நம் பக்கத்து ஏரி மதகைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தண்ணீர் எப்போதும் பலகையை முட்டிக்கொண்டுதான் நிற்கிறது. பலகையைத் தூக்குவதுதான் பாய்ச்சல்.

இனி, பலகையைத் தூக்கச் சொல்பவர் யார் என்பது. 'அங்கே பார்' என்று நாமாக முடிவெடுக்கும்போதும், ஒருவர் சொல்லிப் பார்க்கும்போதும், முன்மடலில் 'முன்மடல் கண்புலம்' எனப்படும் பகுதி முதன்மையாக இயங்குகிறது. குரங்கின் முன்மடலில் மின்சாரம் செலுத்தினால் கண்கள் எதிர்ப்பக்கம் திரும்புவதை டேவிட் ஃபெரியர் 1870களிலேயே கண்டார். வலது முன்மடல் கண்களை இடப்பக்கம் அனுப்பும். இடது முன்மடல் வலப்பக்கம் அனுப்பும். இரண்டும் எந்நேரமும் ஒன்றையொன்று சமன் செய்தபடி இருக்கின்றன. உங்கள் அப்பாவின் வலது முன்மடல் திடீரென்று ஓய்ந்தபோது, இடதின் தள்ளுதலுக்கு எதிர்ப்பில்லாமல் போயிற்று. அதனால்தான் கண்கள் வலது ஓரத்தில் நின்றன. மூளையில் அடைப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தைக் கண் பார்க்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருவது இதைத்தான்.

தலையைத் திருப்பியபோது வந்த ஆணையோ முன்மடலிலிருந்து வந்ததே அன்று. உள்காதில் உள்ள அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியை உணர்ந்து, மூளைத் தண்டுக்கு நேராகச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து கண் தசைக்கு மிகக் குறுகிய வழி. உள்காது நரம்பிலிருந்து எண்ணினால் மூன்றே நரம்பணுக்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை நோக்கித் தாவத் தொடங்க ஏறத்தாழ 200 மில்லி நொடி ஆகிறது. இந்த உள்காது வழிக்கோ 10 மில்லி நொடி அளவே போதும். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணை அதற்கு எதிர்ப்பக்கம் அதே அளவு திருப்பி, பார்வையை நிலைநிறுத்துவதுதான் அதன் வேலை. நாம் நடக்கும்போது எதிரே உள்ள கடைப் பலகையின் எழுத்துகள் குலுங்காமல் இருப்பது இதனால்தான். அப்பாவின் தலை வலப்பக்கம் சென்றது. உள்காது கண்ணை இடப்பக்கம் அனுப்பியது. பான்ஸில் உள்ள மையம், நரம்பு, தசை எல்லாம் பழுதில்லாமல் இருந்ததால் கண் இடது ஓரம் வரை சென்றது. பொறி நன்றாக இருக்கிறது என்பதை மருத்துவர் அந்த ஒரு நிமிடத்தில் உறுதி செய்துகொண்டார். பான்ஸிலேயே அந்த மையம் அழிந்திருந்தால், தலையை எவ்வளவு திருப்பினாலும் கண்கள் இடப்பக்கம் போயிருக்க முடியாது.

கண் மீள, கை மட்டும் ஏன் மீளவில்லை என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முன்மடல் தவிர, நடுமூளையின் முதுகுப்பக்கத்தில் 'மேற்குன்று' என்று சொல்லத்தக்க சிறு மேடு ஒன்று இருக்கிறது. எந்த இடத்தைத் தூண்டினால் கண் எந்தத் திசையில் எவ்வளவு தாவும் என்று வரைபடம் போலவே அது அமைந்திருப்பதை ராபின்சன் 1972இல் குரங்குகளில் காட்டினார். முன்மடல் இதன் வழியாகவும் ஆணையிடுகிறது, இதைத் தவிர்த்து நேராகவும் ஆணையிடுகிறது. இவற்றில் ஒன்றை மட்டும் நீக்கினால் குரங்குகள் நாளடைவில் மீண்டும் தாவிப் பார்க்கின்றன. இரண்டையும் நீக்கினால் மீள்வதில்லை என்பதைப் பீட்டர் ஷில்லரும் உடனாய்வாளர்களும் 1980இல் வெளியிட்டார்கள். கண்ணுக்கு மாற்று வழிகள் பல. நல்ல நிலையில் உள்ள மறுபக்க மூளையும் சில நாட்களில் கைகொடுக்கிறது. கைவிரல்களின் நுட்பமான அசைவோ பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்து வரும் ஒரே பாதையை நம்பியிருக்கிறது. அதனால்தான் கைக்குக் காலம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஒரே ஒரு திருத்தம். கண்கள் நாடாவின் பின்னால் ஓடின என்று எழுதியிருக்கிறீர்கள். நகரும் பொருளை வழுக்கியபடி தொடர்வது தாவலிலிருந்து வேறான ஆற்றல். அதற்குச் சிறுமூளையும், மூளையின் மேற்பரப்பில் பார்வைக்குரிய புறணியின் அசைவுணர் பகுதிகளும் தேவை. அதற்கு வேக வரம்பும் உண்டு. சுண்டிவிட்ட நாடா அந்த வரம்பை மீறிச் செல்லும் என்றே நினைக்கிறேன். தறியில் ஒருவர் உண்மையில் எதைப் பார்க்கிறார் என்பதை நீங்களே ஒருமுறை கவனித்துச் சொன்னால் எனக்கும் பயன்படும்.

ஆற்காடு கண் பரிசோதகர் எழுதியது:

ஆசிரியை அம்மா விளக்கியபின் நான் பயிற்சி, எண்ணெய் ஆகியவை பற்றி மட்டும் சொல்கிறேன். தசை வலுவிழக்கவில்லை, ஆகவே தசைக்குப் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. கண்ணில் எண்ணெயோ தாய்ப்பாலோ சாறுகளோ விடாதீர்கள். அவை மூளைக்குப் போவதில்லை. கருவிழியில் கிருமி தொற்றினால் புதிய துன்பம் ஒன்று சேரும். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிட முக்கியமான ஒன்று. வலது மூளை பாதிக்கப்பட்டவர்களுக்குக் கண் இடப்பக்கம் நகரத் தொடங்கிய பிறகும், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனத்தில் பதியாமல் போகலாம். அதைப் 'புறக்கணிப்பு' என்பார்கள். இலையில் இடது பாதிச் சோறு அப்படியே இருக்கும்; சட்டையின் இடது கையை மாட்டாமல் எழுந்து வருவார்; ஒரு கோட்டின் நடுவைக் காட்டச் சொன்னால் வலப்பக்கம் தள்ளிக் காட்டுவார். இடப்பக்கப் பார்வைப்பரப்பே மறைந்துபோவது வேறொன்று. அப்படிப்பட்டவர் தமக்குத் தெரியவில்லை என்பதை உணர்ந்து, தலையைத் திருப்பிச் சமாளிக்கக் கற்றுக்கொள்வார். புறக்கணிப்பில் அந்த உணர்வே பெரும்பாலும் இருக்காது. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றாகத் தோன்றும்: கண் நகராதது, பரப்பு மறைந்தது, கவனம் போகாதது. உங்கள் அப்பாவுக்கு முதலாவது சரியாகிவிட்டது. மற்ற இரண்டும் இருக்கின்றனவா என்று மறுமுறை செல்லும்போது தவறாமல் கேளுங்கள். அதுவரை இருசக்கர வண்டியை அவரிடம் கொடுக்க வேண்டாம்.

புறக்கணிப்பு இருக்குமானால் உதவும் பயிற்சி கண்ணைச் சுழற்றுவது அன்று. இடப்பக்கத்தைத் தேடிப் பார்க்கப் பழக்குவது. செய்தித்தாளின் இடது ஓரத்தில் சிவப்புப் பட்டை ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு வரியையும் அந்தச் சிவப்பைக் கண்ட பிறகே படிக்கச் சொல்வார்கள். பேசும்போதும் அவ்வப்போது இடப்பக்கம் அமர்ந்து பேசுங்கள்.

காட்பாடி அறிவியல் ஆசிரியர் எழுதியது:

இதை என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் ரயிலில், சன்னலோரம் அமர்ந்து வெளியே பார்ப்பவரின் கண்களை எதிரே அமர்ந்து கவனியுங்கள். ஒரு மரத்தையோ மின்கம்பத்தையோ மெல்லத் தொடர்ந்து பின்னோக்கிச் செல்லும். சட்டென்று முன்னோக்கித் தாவி அடுத்ததைப் பிடிக்கும். தொடர்தலும் தாவலும் மாறி மாறி நடப்பதை வெறுங்கண்ணால் காண அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அவரைக் கேட்டால் தம் கண் தாவியதையே உணரவில்லை என்பார்; தாவும் கணத்தில் வரும் மங்கலான காட்சியை மூளை பெருமளவு அடக்கிவிடுகிறது. கண்ணாடியில் உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாலும் கண் அசைவது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

வாலாஜாபேட்டை வாசகி எழுதியது:

இந்தத் திரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவுக்கு 68 வயது. இரண்டு ஆண்டுகளாகப் படியில் இறங்கும்போது விழுந்துகொண்டே இருந்தார்; தட்டில் இருக்கும் சோற்றைக் குனிந்துதான் தேடினார். கண்ணாடியை இருமுறை மாற்றினார்கள். கண் நன்றாக இருக்கிறது என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். கண்ணைக் கீழே இறக்கச் சொல்லி ஒருவரும் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. பிறகு நரம்பியல் மருத்துவர் ஒருவர்தான் அதைச் செய்து பார்த்தார். பக்கவாட்டில் நகர்ந்த கண், கீழே இறங்கவே இல்லை. தலையைப் பிடித்து மேலே நிமிர்த்தியபோது கண் கீழே இறங்கியது. நோயின் பெயர் புரோகிரசிவ் சூப்பராநியூக்ளியர் பால்சி என்றார். அக்கா, பக்கவாட்டுக்கும் மேல்கீழுக்கும் தனித்தனி மையங்களா?

வேலூர் உடலியங்கியல் ஆசிரியை எழுதியது:

ஆம் அம்மா, தனித்தனிதான். பக்கவாட்டுத் தாவலுக்குரிய வெடிப்பு நரம்பணுக்கள் பான்ஸில் இருக்கின்றன. மேல்கீழ்த் தாவலுக்குரியவை அதற்கு மேலே, நடுமூளையின் உச்சியில் இருக்கின்றன. 1964இல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி ஆகிய மூவர் விவரித்த இந்த நோய் நடுமூளையை முன்னதாகவே தாக்குவதால், மேல்கீழ்த் தாவல்கள் முதலில் வேகம் குறைந்து பிறகு நின்றுபோகின்றன. உள்காதின் வழி அந்த நரம்பணுக்களைச் சாராமல் செல்வதால், தலையை நிமிர்த்தியபோது கண் இறங்கியது. தம்பியின் அப்பாவுக்குச் செய்த அதே சோதனைதான், திசை மட்டும் வேறு.

படிக்கட்டின் விளிம்புகளில் பளிச்சென்ற நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். அம்மா இறங்கும்போது ஒருவர் முன்னால் இருக்கட்டும். தட்டைச் சற்று உயரமான பலகையின்மேல் வைத்துக் கொடுங்கள். கண் இறங்காவிட்டால் சோறு மேலே வரலாம். விழுங்குவதில் சிரமம் தோன்றினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குடியாத்தம் நெசவாளர் மகன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா கேட்டபடி நேற்றுப் பக்கத்து வீட்டுத் தறியில் ஒரு மணி நேரம் அமர்ந்து கவனித்தேன். நீங்கள் நினைத்ததே சரி. பெரியப்பாவின் கண் நாடாவைத் தொடரவே இல்லை. பண்ணை (இழைகளை நெருக்கும் சீப்பு) அடித்து ஊடை (குறுக்கிழை) சேரும் இடத்திலேயே பார்வை நிற்கிறது. பாவில் (நெடுக்கிழைகளில்) ஓர் இழை அறுந்தால் மட்டும் சட்டென்று அங்கே தாவி, முடிச்சிட்டதும் திரும்பிவிடுகிறது. நாடா ஓடுவதை அவர் காதாலும் கையாலும்தான் அறிகிறார் என்று சொன்னார். இத்தனை ஆண்டுகள் தறி வீட்டில் வளர்ந்தும் எனக்கு இது தெரியாது.

ஆற்காடு அண்ணன் சொன்ன சோதனையையும் செய்தேன். அப்பா இலையில் எதையும் மீதி வைக்கவில்லை. சட்டையும் சரியாகப் போட்டுக்கொண்டார். ஆனால் பழைய லுங்கி ஒன்றை விரித்து, குறை இருந்தால் காட்டச் சொன்னபோது, வலது கரையோரம் விட்டுப்போன இழையை உடனே தொட்டுக் காட்டியவர், இடது கரையில் இருந்த கிழிசலை நான் கையைப் பிடித்துக் கொண்டுபோன பிறகே கண்டார். மறுபரிசோதனைக்கு வரும் வியாழக்கிழமை வேலூருக்குச் செல்கிறோம். அந்த லுங்கியையும் எடுத்துச் செல்கிறேன்.